வானலை வழியே இணையம்

இப்பொழுது நான் பேசும் சொற்கள் கம்பி எதுவும் இல்லாமலே உங்கள் வீட்டை வந்தடைகின்றன. இதில் வியப்படைவார் இன்று ஒருவருமில்லை. ஆனால் வானொலி ஒருவழிப் பாதை. நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள், நீங்கள் மறுமொழி கூறினால் அது எனக்குக் கேளாது. கேட்பவரும் பேசவல்ல இருவழிப் பாதையை, அதுவும் நொடிக்குக் கோடிக்கணக்கான குறிகளைச் சுமந்து செல்லும் அகன்ற பாதையை, கம்பியில்லாமல் ஒரு சிற்றூருக்கு அமைப்பது எப்படி? அதைப் பற்றியே இன்று மாணவ நண்பர்களுடன் பேச விரும்புகின்றேன்.

இம்முறைக்கு நிலைத்த கம்பியில்லா அகலப்பட்டை என்று பெயர். கைப்பேசியும் கம்பியில்லாதது தானே என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசி நம்முடன் நடந்து வருவது. ஆகவே அதற்குரிய கோபுரம் நாற்றிசையிலும் அலையை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் பேசும் இம்முறையிலோ இரு முனைகளும் அசையாதவை. நகரத்து மாடியில் ஒரு கிண்ணம் போன்ற ஆன்டெனா. ஊரின் கூரைமேல் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். தெருவிளக்குக்கும் கைவிளக்குக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தெருவிளக்கு எல்லாருக்கும் சிறிது சிறிது ஒளி தரும். கைவிளக்கு ஒரே இடத்தில் ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்பும்.

விருதுநகர் மாவட்டத்தின் அமைப்பை அறிந்தவர்கள் இம்முறை இங்கு ஏன் பொருந்தும் என்பதை எளிதில் உணர்வர். 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட வித்திலிருந்து தீப்பெட்டியும், பட்டாசும், அச்சுத்தொழிலும் கிளைத்தன. பட்டாசுத் தொழிற்சாலைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கலாகாது. ஒரே தொழிற்சாலைக்குள்ளும் அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஆகவே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தொழில் வெட்டவெளியெங்கும் பரவிக் கிடக்கின்றது; தொழிலாளரின் ஊர்களும் அவ்வாறே. பத்து மைல் குழி தோண்டிக் கண்ணாடி இழைக் கம்பியைப் புதைத்து, முடிவில் நாற்பது வீடுகளைச் சேர்வது பெருஞ்செலவு. ஆனால் நிலமோ சமவெளி, கரிசற்காடு, வானத்தை மறைக்கும் மலையும் அடர்ந்த காடும் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்த பின்னரே எதிர்ப்படும். ஓர் உயர்ந்த மாடியில் நின்றால் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரின் நீர்த்தொட்டி கண்ணுக்குத் தெரியும். வானலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த முயற்சிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலையைச் சுவர்களைக் கடந்து செல்ல விட்டு, மறுபுறத்தில் மணி ஒலிக்கவும் வெடிமருந்து தீப்பற்றவும் செய்து காட்டினார். அவர் ஆராய்ந்த அலைகளில் சில ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையவை. அத்தகைய சிற்றலைகளையே ஐந்தாம் தலைமுறைச் சாதனங்கள் இன்று நாடி வருகின்றன. 

தமிழ்நாட்டிற்கு வருவோம். 1990-களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியோர், சிற்றூர்களுக்குக் குறைந்த செலவில் தொலைபேசியும் இணையமும் தர வேண்டி, கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை அது எட்டும். இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் என்பதே அதன் வேகம். இன்றைய கண்ணுக்கு அது நத்தை வேகம். ஆயினும் 2001-இல் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் அதைக்கொண்டு இணைய மையங்கள் தோன்றியபோது, கண்ணில் குறையுள்ள சிற்றூர் மக்களின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் அவ்வேகம் போதியதாக இருந்தது. அம்மையங்கள் பலவும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. வருவாய் போதவில்லை, பழுது நேர்ந்தால் பார்க்க ஆளில்லை. கருவியை நிறுவுவது வேறு, அதை வாழவைப்பது வேறு என்பதே மேலூர் தந்த பாடம்.

அடுத்த பாடம் தேனியில் கிடைத்தது. 2000-களின் நடுப்பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, தேனி மருத்துவமனையை அதைச் சூழ்ந்த ஊர்களின் கண் சிகிச்சை மையங்களோடு வைஃபை அலைகளால் இணைத்தனர். வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள் பயன்படுவதற்கென்று பிறந்தது. அதன் பேச்சு முறை விந்தையானது. ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தை அனுப்பியதும், "வந்து சேர்ந்தது" என்ற மறுமொழிக்குக் காத்திருக்கும். நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் மறுமொழி வாராவிடில், தொலைந்தது என எண்ணி மீண்டும் அனுப்பும். ஒரு கூடத்துக்குள் இது சரி. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலோ, அலை ஒளியின் வேகத்தில் சென்றாலும், மறுமொழி வருவதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகின்றது. வந்து சேர்ந்ததையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே அவ்வாய்வாளர்கள் பேச்சு முறையையே மாற்றினர். இரு முனைகளும் முறை வைத்துக்கொண்டு, ஒன்று பேசும்போது மற்றது கேட்குமாறு காலத்தைப் பங்கிட்டனர். வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுவதைப் போன்ற ஏற்பாடுதான். அதன் பயனாக, தேனியிலிருந்த மருத்துவர் ஊரிலிருந்த நோயாளியோடு படக்காட்சி வழியாக நேரில் பேச முடிந்தது. தொலைதூர இணைப்புக்கென இன்று விற்கப்படும் கருவிகள் பலவற்றிலும் இந்தக் காலப்பங்கீடு அமைந்துள்ளது.

இடையில் அரசாங்க விதிகளும் தளர்ந்தன. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியும், குறித்த ஆற்றல் வரம்புக்குள் உரிமம் இன்றியே எவரும் பயன்படுத்தத் திறந்து விடப்பட்டன. 2023 முதல் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களும் ஐந்தாம் தலைமுறை அலைகளைக் கொண்டு வீட்டுக் கூரைக்கே இணையம் தரத் தொடங்கிவிட்டன. ஆகவே இக்கருவியை நிறுவும் வேலை இனி உங்களில் பலருக்கு வாழ்வூதியமாகவும் அமையலாம்.

நிற்க. கருவியின் இயல்பை ஏட்டுக் கணக்காக மட்டும் சொல்வதைவிட, அதை நிறுவியபோது நான் செய்த ஒரு பிழையைச் சொல்வது உங்களுக்கு அதிகப் பயன் தரும்.

சிவகாசியிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊர். அங்கு ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் பட்டாசு வேலைக்குச் செல்வோர் இருந்தனர். ஊர் நூலகத்தின் கூரைமேல் ஓர் ஆன்டெனா வைத்து, நகரத்திலுள்ள முப்பது மீட்டர் உயர மாடி ஒன்றோடு இணைக்கும் பணி என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு எழுதவிருந்த மாணவர் சிலர், கல்லூரி விண்ணப்பங்களை அங்கிருந்தே அனுப்பலாம் என்று ஆவலோடு காத்திருந்தனர்.

முதலில் கணக்குப் போட்டேன். நாங்கள் கொண்ட அலை 5.8 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 580 கோடி அதிர்வுகள். அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. உங்கள் வீட்டு வானொலியின் மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. அது நிலத்தைத் தழுவி, மேடு பள்ளங்களில் வளைந்து செல்லும். சிற்றலை அவ்வாறு வளையாது. ஒளியைப் போல நேரே செல்லும். வழியில் தடையிருந்தால் அங்கேயே தேய்ந்துவிடும்.

அலையின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். ஒரு மில்லிவாட்டைச் சுழி எனக்கொண்டால், ஆற்றல் பத்திலொன்றாகக் குறையுந்தோறும் பத்து கழிக்க வேண்டும். பாதியாகக் குறைந்தால் மூன்று. நகரத்து ஆன்டெனா ஊரை நோக்கி வீசும் ஆற்றல் 36. எட்டுக் கிலோமீட்டர் வெட்டவெளியில் பரந்து தேயும் அளவு 126. ஊரிலுள்ள ஆன்டெனா குவித்துத் தரும் ஆதாயம் 23. முப்பத்தாறில் நூற்றிருபத்தாறைக் கழித்து இருபத்து மூன்றைக் கூட்டினால் வருவது கழித்தல் 67. இது ஒரு வாட்டில் ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு! அவ்வளவு நுண்ணிய ஆற்றலைக் கொண்டு கருவி ஒரு நூலகத்துக்கு வேண்டிய இணையம் முழுவதையும் தந்துவிடும்.

மாசி மாதத்தில் கருவியை ஏற்றினோம். நூலகக் கூரை நான்கு மீட்டர். அதன்மேல் ஆறு மீட்டர் இரும்புக் குழாய். காற்றுக்கு ஆடாதிருக்க மூன்று புறமும் ஸ்டே கம்பிகள். ஆன்டெனாவை நகரத்தின் திசைக்குத் திருப்பி, ஒருவர் விரற்கடை விரற்கடையாக அசைக்க, மற்றொருவர் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஓர் ஏமாற்றம் ஒளிந்துள்ளது. அளவு ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும். ஆன்டெனாவின் முதன்மைக் கற்றைக்கு இருபுறமும் சிறு கிளைக் கற்றைகள் இருப்பதே காரணம். முதலில் கண்ட சிறு மேட்டையே சிகரம் என நம்பித் திருகாணியை முடுக்கிவிட்டால் இணைப்பு என்றென்றும் நோஞ்சானாகவே இருக்கும். இரு புறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, உயர்ந்த சிகரத்தைத் தேர்ந்து, பின் மேலும் கீழும் அவ்வாறே செய்தல் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் தவறாமல் செய்தோம்.

முடிவில் கருவி காட்டியது கழித்தல் 70. கணக்கு சொன்னதோ 67. மூன்று டெசிபல் குறைவு. அதாவது பாதி ஆற்றல் எங்கோ போய்விட்டது. நூலகத்திலிருந்து 200 மீட்டர் தொலைவில், பாதையோரத்தில் ஒரு பெரிய வேம்பு நின்றது. இலையுதிர்த்து மொட்டையாக நின்ற அதன் உச்சிக் கொம்புகளின் ஊடே நகரத்து மாடி தெளிவாகத் தெரிந்தது. "கண்ணுக்குத் தெரிகின்றது, இணையமும் ஓடுகின்றது, மூன்று டெசிபலுக்காக யார் மீண்டும் ஏறுவது?" என்று எண்ணி இறங்கிவிட்டேன். நான் செய்த பிழை அதுதான்.

சித்திரை பிறந்ததும் இணைப்புத் தளர்ந்தது. காலையில் ஓடும், காற்றெழுந்தால் விட்டு விட்டு வரும். அளவு கழித்தல் 82 வரை இறங்கியது. தொடக்கத்தில் இருந்ததில் பதினாறில் ஒரு பங்கு! நான் ஈதர்நெட் கம்பியை மாற்றினேன். மின்வழங்கிப் பெட்டியை மாற்றினேன். வேறு எவரோ அதே அலையைப் பயன்படுத்துகின்றனர் என ஐயுற்று அலைவரிசையையும் மாற்றினேன். மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. இதற்குள் தேர்வு முடிவு வந்தது; கலந்தாய்வு விண்ணப்பத்தைப் பதிவு செய்யும் காலமும் வந்தது. சான்றிதழ்ப் படங்களை ஏற்ற முயன்ற ஒரு மாணவிக்கு, பாதியிலேயே இணைப்பு அறுந்து அறுந்து போயிற்று. இறுதி நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவள் தந்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளை நகரத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு கடையில் காத்திருந்து விண்ணப்பத்தை அனுப்பி வந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று மாலை நூலக வாயிலில் அமர்ந்திருந்தேன். தொழிற்சாலை வேனிலிருந்து இறங்கி வந்த ஒரு மூதாட்டி என்னருகே நின்றார். "யய்யா, மாசியில நல்லாத்தான இருந்துச்சு? வேம்பு தழைச்ச பெறகுதான இப்பிடி மக்கர் பண்ணுது?" என்றார்.

எழுந்து கூரைமேல் ஏறிப் பார்த்தேன். மாசியில் கொம்புகளின் ஊடே தெரிந்த மாடி, இப்பொழுது தழைத்த பசுமைக்குப் பின்னே முற்றும் மறைந்திருந்தது. இலை என்பது பெரும்பகுதி நீர். அந்நீர் சிற்றலையை உறிஞ்சும். அசையும் இலைகளோ அதைச் சிதறடிக்கும். மூன்று வாரம் நான் பெட்டிக்குள் தேடிய நோய் வெளியே, ஊரார் அனைவரின் கண்முன்னே நின்றது.

இங்கே இக்கலையின் உயிரான கருத்தொன்றைச் சொல்ல வேண்டும். இரு ஆன்டெனாக்களுக்கிடையே அலை ஒரு நூல் போலச் செல்வதில்லை. இரு முனையிலும் கூம்பி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போன்றதோர் இடத்தை அது கொள்கின்றது. ஒளியலைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிரெனெலின் பெயரால் அதைப் பிரெனெல் மண்டலம் என்பர். நம் எட்டுக் கிலோமீட்டர் இணைப்பில் அதன் நடுப்பகுதியின் ஆரம் பத்து மீட்டர். வேம்பு நின்ற இடத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர். இவ்வாரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது நடைமுறை விதி. அதாவது நேர்கோடு மரத்தின் உச்சிக்கு மேலே இரண்டு மீட்டரேனும் உயர்ந்து செல்ல வேண்டும். கண்ணுக்குக் கோடு போதும். அலைக்கு இடம் வேண்டும். எதிர்முனை தெரிகின்றது என்பதாலேயே பாதை திறந்திருக்கின்றது என எண்ணுவது தவறு. தொலைவு நீண்டால் பூமியின் வளைவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். எட்டுக் கிலோமீட்டருக்கு அது நடுவில் ஒரு மீட்டர் அளவே.

செய்தி பரவியதும் இளைஞர் சிலர் அரிவாளோடு வந்துவிட்டனர். "கொப்ப வெட்டிப்புட்டா முடிஞ்சுச்சு சார்" என்றனர். அம்மூதாட்டி மரத்தடியிலேயே நின்றுகொண்டார். அந்த வெயிற்காட்டில் வேலைக்குப் போவோர் விடியலில் வேனுக்குக் காத்திருப்பதும், திரும்பியதும் சற்று இளைப்பாறுவதும் அந்நிழலில்தான். "கம்பம் வளராதாய்யா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். நேர்கோடு மரத்தின் உச்சிக்கு ஒரு மீட்டர் கீழே இருந்தது. இரண்டு மீட்டர் மேலே செல்ல வேண்டும். ஆகக் கம்பம் மூன்று மீட்டர் உயர்ந்தால் போதும். மறுநாள் மேலும் ஒரு துண்டுக் குழாயைப் பொருத்தி, ஸ்டே கம்பிகளை மாற்றிக் கட்டினோம். அளவு கழித்தல் 67. கணக்கு முதல் நாளே சொன்ன எண் அது!

இனி, எந்த ஊரிலும் முதன்மையான ஒன்று, இந்த வட்டாரத்தில் உயிரைப் போன்றதாகும். அதுவே இடியும் மின்னலும் பற்றிய எச்சரிக்கை. கூரைமேல் உயர்ந்து நிற்கும் இரும்புக் கம்பம் மின்னலுக்கு விடுக்கும் அழைப்பு ஆகும். கூரையிலுள்ள கருவிக்கு மின்சாரமும் செய்தியும் ஒரே ஈதர்நெட் கம்பியிலேயே செல்கின்றன. ஆகவே மின்னலின் வீச்சும் அதே வழியே கட்டடத்துக்குள் இறங்கிவிடும். கம்பத்தைத் தடித்த செம்புப் பட்டையால் நிலத்தோடு இணைத்தல் வேண்டும். எர்த் குழியில் கரியும் உப்பும் அடுக்கி, கோடையில் கரிசல் மண் வறண்டு பிளக்கும்போது நீர் ஊற்றி ஈரம் காத்தல் வேண்டும். ஈதர்நெட் கம்பியின் இருமுனையிலும் மின்வீச்சுத் தடுப்பான் இருத்தல் நலம். கம்பி கட்டடத்துக்குள் நுழையுமுன் சற்றே கீழ்நோக்கித் தொங்கி வளையுமாறு விட்டால், மழைநீர் கம்பி வழியே உள்ளே ஓடாமல் வெளியிலேயே சொட்டிவிடும்.

பட்டாசுத் தொழிற்சாலையிலோ ஒரு சிறு பொறியும் பேரழிவாகும். மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, சரக்கு அறை ஆகியவற்றின் மேலோ அருகிலோ இத்தகைய கம்பத்தையும் மின்கருவியையும் வைக்க எவர் சொன்னாலும் இசையாதீர்கள். அலுவலகக் கட்டடம் தனியே தொலைவில் இருக்கும். அங்கும் உரிமம் பெற்றோரின் ஒப்புதலும் வெடிபொருள் விதிகளின் அனுமதியும் இன்றி ஆணி ஒன்றும் அடித்தலாகாது. வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அலுவலகம் சிவகாசியிலேயே உள்ளது, கேட்டறிவது கடினமன்று. வானம் இருண்டால் கூரையைவிட்டு இறங்கிவிடுவதும், அருகில் மின்கம்பி செல்லும் இடத்தில் இரும்புக் குழாயை நிமிர்த்தாதிருப்பதும் எல்லா ஊருக்கும் பொது விதி.

மாணவ நண்பர்களே! அம்மாணவியின் விண்ணப்பம் காலத்தே சென்று சேர்ந்தது. ஆயினும் அவள் தந்தை இழந்த ஒரு நாள் கூலி என் கணக்கில் இன்னும் நிற்கின்றது. கணக்குக்கும் கருவிக்கும் இடையே மூன்று டெசிபல் வேறுபட்டபோது, அதை நான் ஒரு சிறு எண்ணாகக் கண்டேன். அது ஒரு மரம் பேசிய பேச்சு என்பது எனக்குத் தெரியவில்லை. படிப்பறியாத ஒரு மூதாட்டிக்கு, மாசிக்கும் சித்திரைக்கும் இடையே அவ்வூரில் மாறியது எது என்பது தெரிந்திருந்தது. விஞ்ஞானம் என்பதன் தொடக்கமே அவ்வாறு மாறியதைக் கவனிப்பதுதான் அன்றோ?

இனி நீங்கள் ஊர்ப்புறங்களில் செல்லும்போது, கூரைகளின் மேல் சிறு கிண்ணங்கள் ஏதோ ஒரு திசையை நோக்கி நிற்பதைக் காண்பீர்கள். அவை எதை நோக்குகின்றன, இடையே என்ன நிற்கின்றது, கம்பத்திலிருந்து நிலத்துக்கு எர்த் கம்பி இறங்குகின்றதா என்று சற்றே நின்று பாருங்கள். ஒரு நாள் உங்களில் ஒருவர் அக்கூரைமேல் ஏற நேரும். அன்று எண்ணும் கணக்கும் ஒத்துவராவிடில் இறங்காதீர்கள். அங்கேயே நின்று ஏன் என்று கேளுங்கள்.